எழுதி வைத்துவிட்டால் பிள்ளைகள் தவிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெண்டிலேட்டரை நிறுத்துவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சட்டத்தை நன்றாக விளக்கியிருந்தீர்கள். அந்த முடிவை எடுக்க வேண்டிய வீடு என்ன பாடுபடும் என்பதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் அண்ணனுக்கு மூளையில் ரத்தக்கசிவு. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் கிடந்தார். இனி நினைவு திரும்பாது என்று மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள். சரி, அடுத்து என்ன என்று கேட்டால், "குடும்பத்தில் கலந்து பேசிச் சொல்லுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். மூத்த மகன் சிங்கப்பூரில், இளையவன் சென்னையில். பங்காளிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "அவரை இப்படி வதைக்க வேண்டாம்" என்றார் ஒருவர். "பெற்றவருக்குப் பிள்ளை செய்கிற காரியமா இது?" என்றார் இன்னொருவர். அண்ணமிண்டி, அதாவது அண்ணனின் மனைவி, வாயே திறக்கவில்லை. கடைசியில், நாங்களாக விரும்பி அழைத்துப் போவதாக இளையவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். மூச்சுத் திணறலைத் தணிக்க ஒரு மருந்துகூடக் கொடுத்தனுப்பவில்லை. அப்பாவைக் கொன்றுவிட்டோமோ என்று அந்தப் பிள்ளை இன்றும் மருகுகிறான்.

இப்படி நடந்திருக்கவே வேண்டியதில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் வகுத்து, 2023 ஜனவரியில் எளிதாக்கிய நடைமுறை இருக்கிறது. நோயாளி எதுவும் எழுதி வைக்காவிட்டாலும், மருத்துவமனையே அமைக்கும் குழு முதலில் பார்க்க வேண்டும். அதில் இல்லாத மருத்துவர்கள் கொண்ட இரண்டாவது குழுவும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பத்தின் சம்மதத்தோடு, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தந்துவிட்டு சிகிச்சையை நிறுத்தலாம். அதற்குப் பிறகும் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மருத்துவமனையின் கடமை. ஊசி போட்டு உயிரை எடுக்கிற விஷயம் இல்லை இது. அது இன்றைக்கும் குற்றம்தான். இதையெல்லாம் அன்று ஒருவராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்தச் சுமை ஒரு பிள்ளையின் கையெழுத்தில் வந்து விழுந்திருக்காது.

எங்கள் செட்டிநாட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிறோம், மொய்க்கு ஏடு வைக்கிறோம், வளவு வீட்டில் யாருக்கு எந்தப் பங்கு என்று பத்திரம் பண்ணுகிறோம். நினைவு தப்பிப்போனால் நம்மை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஏன் எழுதுவதில்லை? இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று, நமக்காக முடிவெடுக்கப்போகிறவர்களின் பெயர். இவ்வளவுதான் வேண்டும். "அபசகுனம் பேசாதே" என்று ஆச்சிமார் திட்டுவார்கள். திட்டட்டும், எழுதிவிடுங்கள். அப்புறம், எழுதியதைப் பெட்டகத்தில் பூட்டி வைக்காதீர்கள். பெயர் குறித்தவர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் நகல் இருக்க வேண்டும்.

உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. அதை வாங்கி வைக்கும் அதிகாரி யார் என்று காரைக்குடி மாநகராட்சியும் சுற்றுவட்டார ஊராட்சிகளும் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். இரண்டாவது குழுவுக்கு அனுப்ப வேண்டிய மருத்துவர்களின் பட்டியலைச் சிவகங்கை மாவட்ட நிர்வாகம் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும். உங்கள் நிருபர் இந்த அலுவலகங்களுக்கு நேரில் போய் விசாரித்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவகோட்டை