அதிபர் மாறினால் யாருக்கு என்ன மாறுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் மாறும்போதெல்லாம் அடக்குமுறை அரசுகளின் தலையெழுத்தும் மாறிவிடும் என்கிற தொனியில் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பாதிதான் சரி என்பேன். எந்த நாட்டைப் பகைத்துக்கொண்டால் வாஷிங்டனுக்குப் பெரிய நஷ்டம் இல்லையோ, அங்கேதான் ஆள் மாற்றம் பளிச்சென்று தெரிகிறது. எண்ணெயோ ராணுவ உறவோ இருக்கிற இடத்தில் மாறுவது பெரும்பாலும் பேச்சு மட்டும்தான்.

கியூபாவை எடுத்துக்கொள்ளுங்கள். பயங்கரவாதத்தை ஆதரிக்கும் நாடுகள் என்ற அமெரிக்கப் பட்டியலில் 1982-இல் அதைச் சேர்த்தது ரீகன் அரசு. 2015-இல் ஒபாமா நீக்கினார். 2021 ஜனவரியில், பதவி முடிய சில நாட்களே இருந்தபோது டிரம்ப் அரசு திரும்பச் சேர்த்தது. பைடன் நான்கு வருஷம் சும்மா இருந்துவிட்டு, மூட்டை கட்டுகிற வாரத்தில், 2025 ஜனவரி 14 அன்று நீக்குவதாக அறிவித்தார். 20-ஆம் தேதி பதவியேற்ற டிரம்ப் அன்றைக்கே அதை ரத்து செய்தார். இந்த ஆறு நாளில் ஹவானாவின் ஆட்சிமுறையில் எதுவும் மாறியிருக்கவில்லை. ஆனால் வாடிகனின் முயற்சியால் 553 கைதிகளைப் படிப்படியாக விடுவிப்பதாக கியூபா ஒப்புக்கொண்டிருந்தது. டிரம்பின் கையெழுத்து விழுந்ததும் விடுதலை நடுவிலேயே நின்றுபோனது. பிறகு மீண்டும் தொடங்கி, மார்ச்சில்தான் முடிந்ததாக அரசு சொன்னது. இடைப்பட்ட வாரங்களில் சிறை வாசலில் காத்திருந்த குடும்பங்களுக்கு அமெரிக்கத் தேர்தல் முடிவு என்னவாகப் பட்டிருக்கும்!

சரி, சவுதி அரேபியாவுக்கு வருவோம். பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018 அக்டோபரில் இஸ்தான்புல்லில் உள்ள சவுதி துணைத் தூதரகத்தில் கொல்லப்பட்டார். சவுதியை உலகமே ஒதுக்கும் நாடாக்கப் போவதாக அடுத்த ஆண்டு தேர்தல் விவாத மேடையில் பைடன் பேசினார். அதிபரானதும், சவுதி பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் அந்தக் கொலை நடவடிக்கைக்கு ஒப்புதல் தந்தார் என்ற உளவு அறிக்கையை வெளியிட்டார். அதுவரை நல்லதுதான். ஆனால் இளவரசர் மீது எந்தத் தடையும் இல்லை. உக்ரைன் போரால் பெட்ரோல் விலை ஏறிய 2022-இல் ஜெட்டாவுக்கே போய் அவரோடு முஷ்டி தட்டிக்கொண்டார். ஏமன் போரைக் காட்டி நிறுத்திவைத்திருந்த தாக்குதல் ஆயுத விற்பனையும் 2024-இல் திரும்பத் தொடங்கியது. டிரம்ப் முதல் வெளிநாட்டுப் பயணமாக ரியாத்துக்குப் போனதைத் திட்டியவர்கள் இதற்கு அவ்வளவு சத்தம் போடவில்லை.

இந்தக் கணக்கில் அடங்காத சம்பவங்களும் உண்டு. 1980-இல் தென் கொரிய ராணுவ ஆட்சி எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே ஜுங்குக்கு மரண தண்டனை விதித்தது. மனித உரிமையை வாய் ஓயாமல் பேசிய அமெரிக்க அதிபர் கார்ட்டர் நவம்பர் தேர்தலில் தோற்றார். இனி தடையில்லை, ரீகன் கண்டுகொள்ள மாட்டார் என்று சியோலில் சிலர் நினைத்தார்கள். ரீகனின் பாதுகாப்பு ஆலோசகராக வரவிருந்த ரிச்சர்ட் ஆலன், கிம்மைக் கொல்லக் கூடாது என்று கறாராகச் சொன்னார். தண்டனை ஆயுள் சிறையானது. அதற்கு விலையாக, 1981 பிப்ரவரியில் தென் கொரிய ராணுவ ஆட்சியின் தலைவர் ஜெனரல் சுன் டூ ஹ்வான் வெள்ளை மாளிகை விருந்தாளி ஆனார். முந்தைய வருஷம்தான் குவாங்ஜூ நகரில் அவருடைய படை மக்களைச் சுட்டிருந்தது. அந்த உபசாரம் எனக்குக் கசக்கிறது. ஆனால் கிம் பிழைத்தார், 1998-இல் அதிபரும் ஆனார்.

கட்டுரை தொடாமலே விட்டது காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை. தென் ஆப்பிரிக்க நிறவெறி அரசு மீது 1986-இல் பொருளாதாரத் தடைச் சட்டம் வந்தபோது ரீகன் வீட்டோ போட்டுத் தடுத்தார். அவருடைய கட்சிக்கே பெரும்பான்மை இருந்த செனட் 78-க்கு 21 என்று அந்த வீட்டோவைத் தள்ளுபடி செய்தது. மண்டேலா விடுதலை உள்ளிட்ட நிபந்தனைகள் அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தன. ரீகன் போய் மூத்த புஷ் வந்த பிறகும் அவை அப்படியே நின்றன. நிபந்தனைகள் நிறைவேறிவிட்டதாக அறிவித்து 1991 ஜூலையில்தான் புஷ் தடையை விலக்கினார்.

எல்லாச் சட்டமும் இப்படி இறுக்கமாக இல்லை என்பதுதான் சிக்கல். எகிப்து ராணுவத்துக்கு ஆண்டுதோறும் போகும் சுமார் 130 கோடி டாலரில் ஒரு பகுதிக்கு மனித உரிமை நிபந்தனை வைக்கும் அதே காங்கிரஸ், தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதில் பெரும்பங்குக்கு விலக்கு தரும் உரிமையையும் வெளியுறவு அமைச்சரிடம் கொடுத்திருக்கிறது. பைடன் ஆட்சி சில வருஷம் கொஞ்சம் பணத்தைப் பிடித்துவைத்தது. அப்புறம் 2024 செப்டம்பரில், காஸா போர் நடுவே, முழுத் தொகையையும் விடுவித்தது. அதிபரும் மாறவில்லை, கட்சியும் மாறவில்லை.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, தேர்தல் மேடைப் பேச்சுகளுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இந்த விலக்குக் கையெழுத்துகளுக்கும் ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்