நடைபாதையில் நிற்பவரைப் படம் எடுக்க விடுங்கள்

சிகாகோ நகர மையத்திலுள்ள கட்டட நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வார இறுதிகளில் காமிராவைத் தூக்கிக்கொண்டு உங்கள் கட்டடங்களுக்கு நடுவே அலைபவன் நான்.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களையொட்டி, இங்கே மாலைச் சூரியன் கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களின் நட்டநடுவில் வந்து இறங்கும். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்கள், நடுவில் செக்கச்செவேல் என்று ஒரு வட்டம், வெல்ஸ் தெருவின் மேலே தடதடத்துக் குறுக்கே போகும் ரயில். எல்லாம் சில நிமிடங்கள்தான். போன செப்டம்பரில் அந்தச் சில நிமிடங்கள் எனக்குக் கிடைக்கவில்லை. பொது நடைபாதையில்தான் நின்றிருந்தேன். ஒரு காவலாளி வந்து, "இந்தக் கட்டடத்தைப் படம் எடுக்கக் கூடாது" என்றார். நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் தெரு இருண்டுவிட்டது.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மேலே இருந்து வந்த உத்தரவைத்தான் அவர் சொன்னார். அதனால்தான் மடல் உங்களுக்கு.

பொது இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தைப் படம் எடுக்கலாம், அந்தப் படத்தை வெளியிடலாம் என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. 1990-இல் கட்டட வடிவமைப்புக்குப் பதிப்புரிமை கொடுத்தபோதே இந்த விலக்கையும் சேர்த்தே எழுதினார்கள். சிற்பங்களுக்கு இது பொருந்தாது, அது வேறு கணக்கு. பாதுகாப்புதான் காரணம் என்றால், 2010-இல் நியூயார்க் வழக்கு ஒன்று சமரசத்தில் முடிந்தபோது, பொது இடத்தில் நின்று நீதிமன்றம் போன்ற மத்திய அரசுக் கட்டடங்களைப் படம் எடுக்க மக்களுக்கு உரிமை உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டது. நீதிமன்றக் கட்டடத்தை எடுக்கலாம், உங்கள் அலுவலகக் கோபுரத்தை எடுக்கக் கூடாதா?

சட்டத்தை விடுங்கள். இந்த ஊர் ரிச்சர்ட் நிக்கலின் ஊர். 1950-களில் மாணவராக இருந்தபோது கட்டடக் கலைஞர் லூயி சல்லிவனின் கட்டடங்களைப் படம் எடுக்கத் தொடங்கியவர் அவர். எடுக்க எடுக்க அவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. சல்லிவனின் கேரிக் அரங்கைக் காப்பாற்றத் தெருவில் பதாகை பிடித்து நின்றார். 1961-இல் அதுவும் போனது. அப்புறம் இடிபாடுகளுக்குள் நுழைந்து, பூவேலை செய்த சுடுமண் துண்டுகளைக் கையால் பெயர்த்துச் சேகரித்தார். 1972 ஏப்ரலில், சல்லிவனின் பழைய பங்குச் சந்தைக் கட்டடம் இடிபட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே போனவர் மீது தளம் சரிந்து விழுந்தது. உடல் கிடைக்கக் கிட்டத்தட்ட நான்கு வாரம் ஆனது. வயது 43. அந்தக் கட்டடத்தின் வாசல் வளைவு இன்று சிகாகோ கலைக்கூடத்துக்கு வெளியே தனியாக நிற்கிறது. அதைக் கடக்கும் போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். கேரிக் எப்படி இருந்தது என்று நம் பிள்ளைகள் பார்க்க முடிகிறதென்றால், அவரைப் போன்றவர்கள் காமிராவோடு போனதால்தான்.

உங்கள் கட்டடமும் ஒரு நாள் போகலாம். அன்றைக்கு அது எப்படி இருந்தது, அதன் கண்ணாடியில் எந்த மேகம் தெரிந்தது, வாசலில் யார் மழைக்கு ஒதுங்கினார்கள் என்பதையெல்லாம் நீங்கள் கூலி கொடுத்து எடுக்கும் விளம்பரப் படங்கள் சொல்லாது. தெருவில் போகிறவர்களின் படங்கள்தான் சொல்லும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் நிலம் எங்கே தொடங்குகிறதோ அங்கே தரையில் ஒரு கோடு போடுங்கள், அதைத் தாண்ட மாட்டோம். முற்றத்துக்குள் ட்ரைபாட் வைக்கக் கூடாது என்றால் ஒரு பலகையில் எழுதி வையுங்கள், வைக்க மாட்டோம். வழியை அடைத்துக்கொண்டு நின்றால் தாராளமாக நகரச் சொல்லுங்கள். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவரைத் தடுக்கக் கூடாது என்று உங்கள் காவலாளிகளுக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த ஷிஃப்ட்காரருக்கு அது போய்ச் சேராது.

மார்ச் 20-ஐ ஒட்டிச் சூரியன் மறுபடி தெரு நடுவே இறங்கும். அன்று நான் அதே நடைபாதையில் நிற்பேன். அதற்குள் அந்தத் தாளை உங்கள் காவலாளிகள் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
சிகாகோவில் வாழும் ஒரு தமிழன்