இரண்டு கடலும் ஒன்றில்லை

பாம்பன்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

தீபாவளிக்கு வந்தபோது கடைக் கம்ப்யூட்டரில் பிளெண்டரை, அந்த முப்பரிமாணப் படம் செய்கிற மென்பொருளை, ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாய். அன்றிலிருந்து பகலில் பிளெக்ஸ் வேலை, ஷட்டரை இறக்கிய பிறகு இதுதான். நீ போனில் கேட்கும்போதெல்லாம் "போகுது" என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் பேச்சில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காதணி விழா, கிரகப்பிரவேசம், கல்யாணம் என்று எந்த பேனர் வந்தாலும் பின்னால் பனிமலையும் ஏரியும்தான் வைத்து அடித்துக்கொண்டிருக்கிறேன். நம்ம ஊர்ப் பிள்ளை, நம்ம ஊர் மண்டபம், பின்னால் நிற்பது மட்டும் எந்த ஊர் மலையோ. அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். தனுஷ்கோடிக் கடைக்கோடி அரிச்சல்முனையைப் பின்னணியாக வைத்து ஒரு பேனராவது அடித்துவிட வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன்.

முதல் மாதம் மலையோடு போராடியே போனது. நிலத்தைத் தானாகச் செய்து தரும் என்று நீ காட்டிய லேண்ட்ஸ்கேப் ஆட்-ஆனைத் தட்டினால் மலைதான் வந்து நிற்கிறது. நம்ம தீவில் உயரம் என்றால் கெந்தமாதன பர்வதத்து மேடு ஒன்றுதானே. உயரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிடுகிறது. சரி என்று ஒரு சாயங்காலம் தனுஷ்கோடி பஸ் ஏறிப் போய் மணலில் உட்கார்ந்துவிட்டேன். காற்று போட்ட வரி ஒவ்வொன்றும் நாலு விரல் அகலம் இருக்கிறது. காற்று வரும் பக்கம் சாய்வாக ஏறி, மறுபக்கம் சட்டென்று இறங்குகிறது. இத்தனை வருடம் அதன் மேல் நடந்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. வெயில் சாய்ந்த பிறகுதான் அது கண்ணுக்கே தெரிகிறது. வீட்டுக்கு வந்ததும், வானத்தையும் வெளிச்சத்தையும் வைக்கிற ஸ்கை டெக்ஸ்சரில் சூரியனின் உயரத்தை 8 டிகிரிக்கு இறக்கினேன். டஸ்ட் என்கிற காற்றுத் தூசியையும் கொஞ்சம் கூட்டினேன், நம்ம கரையில் அடிவானம் துல்லியமாகவா இருக்கிறது? அன்றைக்குத்தான் அது மணலாயிற்று.

அப்புறம் கடல். கடல் செய்கிற கருவி, ஓஷன் மாடிஃபயரைப் போட்டதும் அலை தானாக எழும்பியது, எனக்கு ஒரே சந்தோஷம். அந்த நேரம் பார்த்து அம்மாச்சி சாப்பாடு கொண்டுவந்தார்கள். தூக்குவாளியைக் கீழே வைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இதை எதுக்குடி போட்டே? அன்னைக்கு விடிஞ்சு பார்த்த கடல் இது" என்றார்கள். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 ராத்திரியைப் பற்றி அவர்கள் அதிகம் பேசியதில்லை, உனக்கே தெரியும். அப்போது எட்டு வயது அவர்களுக்கு.

அவர்கள் போன பிறகு உள்ளே திறந்து பார்த்தேன். காற்று வேகம் என்ற இடத்தில் 30 இருந்தது. நான் தொடவே இல்லை, அதுவே வைத்துக்கொண்டு வருவது. 30 மீட்டர், அதுவும் ஒரு நொடிக்கு. கணக்குப் போட்டால் மணிக்கு 108 கிலோமீட்டர். வானிலைக்காரர்கள் தீவிரப் புயல் என்று சொல்வது 89லிருந்தே தொடங்கிவிடுகிறது. பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவைக்கிற காற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆழத்தில் 200 மீட்டர் இருந்தது. நம்ம வடகடல் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடுமே! ஒரு எண்ணையும் பார்க்காமல் அம்மாச்சி அதைக் கண்டுபிடித்தார்கள் பாப்பா. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

இப்போது இரண்டு கடலையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறேன். மாமாவிடம் கேட்டு ஆடி மாதத்துக் கச்சானுக்கு, அந்தத் தென்மேற்குக் காற்றுக்கு, வைத்தது. தெற்கே ஆண்கடலுக்குக் காற்று 9, வடக்கே பெண்கடலுக்கு 4, ஆழம் 8. வடக்கிலிருந்து காற்று வரும் வாடைக்காலம் என்றால் இது அப்படியே மாறிவிடும் என்றார், அதற்கு வேறு ஃபைல் வைக்க வேண்டும். முதலில் தண்ணீரின் மேல் நீலத்தைப் பூசியிருந்தேன், பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி இருந்தது. நீ சொன்னபடி ஐ.ஓ.ஆர்., அதாவது ஒளி வளைகிற அளவை, தண்ணீருக்கான 1.33 வைத்து, நிறத்தை மேலே பூசாமல் தண்ணீரின் உள்ளே, வால்யூமுக்குள் கொடுத்த பிறகு, கரையோரம் அடிமணல் தெரிந்து உள்ளே போகப் போக நிறம் ஏறுகிறது.

ரெண்டர், அதாவது கடைசிப் படமாக எடுப்பது, பெரிய பாடு. பத்தடிக்கு எட்டடி பிளெக்ஸுக்கு ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி (டி.பி.ஐ.) வைத்தாலே 8640க்கு 6912 பிக்சல். ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்கிற சாம்பிள் 4096 இருந்ததைக் கவனிக்காமல் ஓடவிட்டேன், விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் போய் எல்லாம் போயிற்று. பிறகு 200க்குக் குறைத்து, புள்ளிப் புள்ளியான இரைச்சலைத் துடைக்கிற டீநாய்ஸ் போட்டால், அது மணல் வரியைத் துடைத்து வழவழவென்று ஆக்கிவிடுகிறது. 500 வைத்தால்தான் வரி நிற்கிறது.

நேற்று அம்மாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்கள். "தண்டவாளம் எங்கே?" என்று கேட்டார்கள். எந்தப் பக்கமாகப் போனது என்று திரையிலேயே விரலால் இழுத்துக் காட்டினார்கள், விரல் பட்ட இடத்தை நான் இன்னும் துடைக்கவில்லை. மீட்டர் கேஜ், அதனால் அகலம் ஒரு மீட்டர், அது தெரியும். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கட்டை ஒன்றைச் செய்து, ஒன்றையே பலவாக்குகிற அரே மாடிஃபயரில் வரிசையாக அடுக்கிவிட்டேன், நேராகத்தான் போகிறது. அவர்கள் காட்டியது வளைந்து போகிறது. வளைவோடு கட்டைகளைத் திருப்புவது எப்படி? புதன்கிழமை உனக்கு லீவு என்றாயே, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. அம்மாச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

அன்புடன்
அம்மா