ஒளிரும் உலோகங்கள்

ஆசிரியருக்கு,

புற்றுநோய்க்கு உலோகச் சேர்மம் மருந்தாவது புதிதல்ல. 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின் ஒரு பிளாட்டினம் சேர்மம்தான். உயிரைக் காக்கிறது, ஆனால் வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு என்று நோயாளியைப் படாத பாடு படுத்துகிறது.

ருத்தேனியம், இரிடியம் சேர்மங்கள் சில வேறு மாதிரி. ஒளி பட்டால் தாமே ஒளிரும். திசுக்களின் சொந்த ஒளிர்வு சில நானோநொடிகளில் அணைந்த பிறகும் இவை மினுங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சின்ன இடைவெளியில் படம் எடுத்தால், மருந்து செல்லுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். அப்புறம் அதே சேர்மம், ஒளியில் பெற்ற ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்து, செல்லைக் கொல்லும் வடிவத்துக்கு மாற்றுகிறது. ஒளி படாத இடத்தில் பெரும்பாலும் சும்மா இருக்கும். எனக்கு இதுதான் பெரிய ஆறுதல்.

சரி, தடையும் உண்டு. இவற்றில் சிலவற்றைத் தூண்டப் பயன்படும் பச்சை ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ருத்தேனியம் கொண்ட டிஎல்டி-1433 என்ற சோதனை மருந்து, ஒளியிழையை உள்ளே செலுத்த வசதியான சிறுநீர்ப்பையில் சோதிக்கப்பட்டது அதனால்தான். ‘அற்புத மருந்து’ என்று தலைப்பிடாமல், இந்த வரம்புகளையும் சொல்லி ஒரு தொடர் வெளியிடுங்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் வரி விடாமல் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி