கடைவீதி இல்லாத கடைவீதி நடைக்கு வாங்கிய 5,800 ரூபாயைத் திருப்பித் தருக

அனுப்புநர்: கணக்கு ஆசிரியை, மேற்குத் தாம்பரம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, நுங்கம்பாக்கம் அலுவலகம்.

பொருள்: பாரிமுனை கடைவீதி நடை (வழிகாட்டியோடு கடைத்தெருக்களை நடந்து சுற்றிப் பார்ப்பது), 4 பேர், சனிக்கிழமைக்குப் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டது – பணத்தைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் எழுதும் ஆறாவது கடிதம். முதல் ஐந்தும் மின்னஞ்சல்கள். ஐந்துக்கும் பதில் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்திலும் அதே மூன்று வரிகள், அதே நன்றி, அதே "விரைவில் தொடர்பு கொள்வோம்". ஆகவே இந்த முறை தாளில் எழுதி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

உங்கள் நடையைப் பற்றி உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. ஆறரை மணிக்குக் கிளம்பும் தொகுதி அல்ல, ஒன்பது மணித் தொகுதி. மஞ்சள் தொப்பி தருவீர்களே, அது. அந்தத் தொப்பிகள் நான்கும் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன. வேண்டுமானால் திருப்பித் தருகிறேன்.

14ஆம் தேதி சனிக்கிழமைக்குத்தான் பதிவு செய்தேன். தலைக்கு 1,450 ரூபாய் வீதம் 5,800. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்கு, "தவிர்க்க முடியாத காரணங்களால் உங்கள் நடை ஞாயிறு காலைக்கு மாற்றப்பட்டுள்ளது" என்று கைப்பேசிக்கு ஒரு செய்தி. சம்மதமா என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றால் என்ன செய்வது என்றும் சொல்லவில்லை. என்ன காரணம் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்கள் அறிவிப்பில் என்ன எழுதியிருந்தீர்கள்? கோடவுன் தெருவில் துணிக்கட்டுகள் பிரித்து விலை பேசுவதைப் பார்க்கலாம். ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைக்காரருடன் பேசலாம். தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி அறுப்பதை அருகில் நின்று பார்க்கலாம். கொத்தவால் சாவடியில் "நகரின் மிகப் பெரிய காய்கறிச் சந்தையை" உணரலாம். உணரலாம் என்றுதான் எழுதியிருந்தது. பார்க்கலாம் என்று எழுதவில்லையே என்று நாளை நீங்கள் வாதாடக்கூடும்.

நாங்கள் உணர்ந்தது இரும்புக் கதவுகளைத்தான். ஞாயிற்றுக்கிழமை, ஐயா. பாரிமுனையை அடுத்த சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகளின் விடுமுறை நாள். கோடவுன் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கதவுகள் இறக்கியிருந்தன. மீன்பாடி வண்டிகள் சுவரோரம் சாய்ந்து கிடக்க, அவற்றில் இரண்டு பேர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். வார நாளில் மூட்டை சுமப்பவர்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு நம்மை இடித்துத் தள்ளும் தெரு அது. அன்று நடுத்தெருவில் நாலு பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். எங்களுக்காக ஒரு ஓவர் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அன்று முழுவதும் எங்களுக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான். பூக்கடைப் பகுதியில் திறந்திருந்தவை காவல் நிலையமும், முழம் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மூன்று பூக்காரிகளும்.

இந்த நேரத்தில் உங்கள் அலுவலகத்தில் மாலை வேளையில் தொலைபேசி எடுக்கும் இளைஞரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வரிசைப்படி சொன்னால் அவர் பிறகுதான் வர வேண்டும், ஆனாலும் அவரைத் தாண்டி எனக்கு எழுத ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை, 22 நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டுப் பேசினார். நான் நடந்ததைப் பொறுமையாகச் சொல்லி முடித்ததும் ஒரு சிரிப்பு. பிறகு கேட்டார்: "சென்னையிலேயே இருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை சௌகார்பேட்டை மூடியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா, மேடம்?"

நான் 26 ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவள். எவ்வளவோ குறும்புப் பிள்ளைகளைப் பார்த்தவள். அன்று எனக்கு வாய் வரவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஏன் வாய் வரவில்லை என்பதையும் சொல்கிறேன். அதே கேள்வியை வெள்ளிக்கிழமை இரவு என் அப்பா கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடியிருக்குமேம்மா" என்றார். நான் அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அவர்கள் நிறுவனம் நடத்துகிறவர்கள் அப்பா, இதே வேலையாக இருக்கிறவர்கள். தெரியாமலா மாற்றுவார்கள், ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்கள்" என்றேன். உங்களை நம்பி என் அப்பாவின் வாயை அடைத்தேன். அதற்கு உங்கள் ஆள் எனக்குத் தந்த பரிசுதான் அந்தச் சிரிப்பு.

அப்பாவுக்கு 82 வயது. ஆண்டர்சன் தெருவில் ஒரு காகித மண்டியில் 31 ஆண்டுகள் கணக்கெழுதியவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தாளை ஒரு தேய்ப்புத் தேய்த்து அதன் எடையைச் சொல்லிவிடுவார். முழங்கால் வலி வந்ததிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. புனேயில் கட்டடக் கலை படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தவள், "தாத்தா, ஒரு வழிகாட்டியோடு போவோம், மெதுவாக நடப்பார்கள்" என்று ஆசை காட்டினாள். கோயம்புத்தூரிலிருந்து என் தங்கையும் இதற்காகவே வந்தாள். அப்பா வேட்டியை முதல் நாளே இஸ்திரி போட்டு வைத்திருந்தார். இது அவருடைய கடைசி ஆசை. (இப்படி எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால் அப்பா என்னைத் திட்டுவார். இருக்கட்டும்.)

ஆண்டர்சன் தெருவில் அவருடைய பழைய மண்டியின் முன்னால் நின்றோம். இரண்டு பூட்டுகள் தொங்கின. அப்பா பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பூட்டையும் மாற்றிவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னார். உள்ளே இப்போது என்ன வியாபாரம் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒரு சந்துகூட இல்லை. சனிக்கிழமை கூட்டிப் போயிருந்தால் யாரோ ஒரு பழைய ஆள் "வாங்க கணக்குப்பிள்ளை" என்று ஒரு நாற்காலி போட்டிருப்பார். இதற்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள், சொல்லுங்கள்.

வழிகாட்டியாக வந்த தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், வழக்கமாக வருபவர் வராததால் முதல் நாள் இரவுதான் அவரை அனுப்பியிருக்கிறீர்கள் என்று அவரே சொன்னார். கைப்பேசியைப் பார்த்துப் படித்தார். இந்தப் பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்ற பெயர் ஜார்ஜ் கோட்டையால் வந்தது என்று படித்தார். அப்பா, "இல்லை தம்பி, கறுப்பர் நகரம் என்று இருந்ததை ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் மாற்றினார்கள்" என்றார். கொத்தவால் சாவடியில் நின்று மிகப் பெரிய காய்கறிச் சந்தை என்று ஆரம்பித்தார். "அது 1996லேயே கோயம்பேட்டுக்குப் போய்விட்டதே" என்றார் அப்பா. தம்பி கைப்பேசியை அப்பாவிடமே காட்டி, "எங்களுக்குக் கொடுத்திருப்பது இப்படித்தான் இருக்கிறது, பெரியவரே" என்றார். ஆகப் பிழை யாருடையது? முப்பது ஆண்டுகளாக அங்கே இல்லாத சந்தையை ஒரு நிறுவனம் தலைக்கு 1,450 ரூபாய்க்கு விற்கிறது!

அதற்குப் பிறகு நடையை நடத்தியது அப்பாதான். பட்டணம் கோயில் என்று சொல்லும் சென்னகேசவப் பெருமாள் கோயில் வாசலில் நின்று, இந்தக் கோயில் முதலில் இப்போது உயர் நீதிமன்றம் இருக்கிற இடத்தில் இருந்ததையும், வெள்ளைக்காரர்கள் அதை இடித்த பிறகு இங்கே கட்டியதையும் சொன்னார். ஈவினிங் பஜார் பக்கம் திரும்பியபோது, அதைக் குஜிலிக் கடை என்பார்கள், காலணா அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள் என்று தன் தகப்பனார் சொல்லக் கேட்டதைச் சொன்னார். உங்கள் வழிகாட்டி கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டார். கந்தகோட்டத்தைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வரி விளக்கம் இல்லை. வள்ளலார் பாடிய முருகன் கோயில் அது. அதைத் தாண்டி நேரே போங்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே போவதற்கு? குளிரூட்டிய ஒரு பரிசுப்பொருள் கடைக்கு. ஞாயிறும் திறந்திருக்கும் அந்த ஒரு கடையில் 40 நிமிடம் எங்களை உட்கார வைத்து, மரயானையும் சால்வையும் காட்டினார்கள். அந்த யானையை வாங்க நாங்கள் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு வர வேண்டுமா? தங்கசாலைத் தெருவில் நின்றபடி ஜிலேபி தின்றது மட்டும் நன்றாக இருந்தது. அதற்கும் காசு நாங்கள்தான் கொடுத்தோம், "சிற்றுண்டி உட்பட" என்று எழுதியிருந்தும்.

இனி அலைச்சல். தொலைபேசியில் கேட்டால் செயலியில் பதியுங்கள் என்றார்கள். செயலி, மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றது. மின்னஞ்சலுக்கு, "நடையில் கலந்துகொண்டதால் சேவை முழுமையாக வழங்கப்பட்டதாகக் கருதப்படும்" என்று ஒரு பதில். கல்யாணத்துக்குக் கூப்பிட்டு வெறும் இலையைப் போட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்தீர்கள் அல்லவா, சாப்பிட்டதாகவே கருதப்படும் என்பது போல. பிறகு, சீட்டை அச்செடுத்து நேரில் வந்தால் உடனே முடித்துத் தருகிறோம் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னார். நம்பினேன். வியாழக்கிழமை தற்செயல் விடுப்பு எடுத்து, உச்சி வெயிலில் மின்சார ரயில் பிடித்து நுங்கம்பாக்கம் வந்தேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறினேன். மேசையில் இருந்தவர் தலை நிமிராமல், "இங்கே நிறுவனப் பதிவுகள் மட்டும்தான் பார்க்கிறோம், உங்கள் நடை எங்கள் பங்குதாரருடையது" என்று ஓர் எண்ணைக் கிழித்துக் கொடுத்தார். கீழே காவலாளிதான் என் முகத்தைப் பார்த்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள்.

அந்தப் பங்குதாரர் எண்ணுக்கு அன்று மாலை பேசினேன். எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே இளைஞர். அந்தக் குரலை நான் மறப்பேனா? பெயரைக் கேட்டேன், "எக்ஸிகியூட்டிவ்" என்றார். மறுநாள் உங்களிடமிருந்து ஒரு தள்ளுபடிச் சீட்டு வந்தது: அடுத்த நடைக்குப் பத்து சதவீதம், 30 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லாது. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லாது! அப்படியானால் உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

நான் சண்டைக்காரி இல்லை. முறையாகக் கேட்டால் முறையாகத் தருவீர்கள் என்றே இன்னும் நினைக்கிறேன். கணக்கு இதோ. கட்டணம் 5,800. அப்பாவின் முழங்காலுக்காக வைத்த கால் டாக்சி 760. வீணாய்ப் போன விடுப்புக்கு ஒரு நாள் சம்பளம் 3,100. தங்கையின் ரயில் செலவு 1,700. கூட்டினால் 11,360. மன உளைச்சலுக்கு 30,000 சேர்த்து 41,360 ரூபாய். இந்த 30,000 அதிகம் என்று என் கணவரே சொல்கிறார். அவர் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

5,800 ரூபாயைப் பதினைந்து நாளுக்குள் என் கணக்கில் திருப்பிப் போட்டு, அந்த இளைஞர் என் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசினால், மற்றதை நான் கேட்கப் போவதில்லை. இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. படித்துத்தான் எழுதுகிறேன். செங்கல்பட்டுக்கு நீங்கள்தான் வர வேண்டியிருக்கும். வேலை நாளில்தான் கூப்பிடுவார்கள், கவலை வேண்டாம், திறந்திருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
மஞ்சள் தொப்பி நான்குக்குப் பதிவு செய்தவர்

இணைப்பு: 1. பணம் செலுத்திய ரசீது, தேதி மாற்றிய செய்தியின் படம். 2. தள்ளுபடிச் சீட்டு (பயன்படுத்தப்படாதது). 3. எந்தத் தெருவில் என்ன வியாபாரம், எந்த நேரத்தில் போனால் பார்க்கலாம் என்று என் அப்பா உங்கள் வழிகாட்டித் தம்பிக்காக எழுதிய மூன்று பக்கம். மூன்றாவதைப் பார்த்து எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பவும். அவர் நகல் எடுக்க விடவில்லை.