செல்வா, அந்த பிஸ்கட் டின்னைத் தூக்கி வீசிடாதே

ஹட்டன்
ஒக்டோபர் 5

அன்பின் செல்வா,

நலம், நலமறிய ஆவல். சித்திரையில நீ போட்ட கடிதத்துக்கு இதுவரைக்கும் பதில் எழுதாத பாவத்துக்கு என்ன திட்டணுமோ அதை நேர்ல வச்சிக்க. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு. ஆனா பெரியவன் கட்டார்ல இருந்து காசு அனுப்பி 55 இன்ச் 4கே டிவி வாங்கின சேதியை மாரிமுத்து அண்ணன் வாயால கேட்க வச்சியே, அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சி. கணக்கு முடிஞ்சிது.

போன்ல சொன்னா நீ பாதியிலேயே "சரி சரி"ன்னு வச்சிடுவே. அதனாலதான் எழுத்துல: பழைய வயரெல்லாம் போட்டு வச்சிருக்கிற அந்த பிஸ்கட் டின்னை வீசிடாதே. கடைக்காரப் பையன் "பழைய வயர் ஒண்ணுமே 4கேக்குப் பிடிக்காது"ன்னு சொல்லி, தங்க முலாம் பூசின கேபிள் ஒண்ணை நீட்டினானாமே. விலை மூணு முழுப் பேருக்கு, அதாவது மூணு நாள் முழுச் சம்பளத்துக்குரிய காசாம். நீயும் சட்டைப் பையில கையை விட்டியாம். அதுவரைக்கும் எனக்குக் கதை வந்திருச்சி. இன்னும் வாங்கலைன்னா வாங்காதே. வாங்கிட்டேன்னா பில்லைப் பத்திரமா வை, மட்டைப் பெட்டியைக் கிழிக்காதே.

விசயம் இதுதான். படத்தையும் சத்தத்தையும் ஒரே கேபிள்ல டிவிக்குக் கொண்டு போற எச்டிஎம்ஐ 2002 கடைசியில வந்தது. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் டிவியில கேபிள் குத்துற அந்தப் பெரிய வாய் மாறவே இல்ல, அதே 19 பின். அதனால உன் டின்ல கிடக்கிற கறுப்பு கேபிள் புது டிவியில மாட்டும், படமும் வரும். மாறினது உள்ளே ஓடுற வேகம் மட்டும்தான். 1080 படம், அதாவது முழு எச்டி, செக்கனுக்கு 60 ஃபிரேம் ஓடினா கேபிள்ல செக்கனுக்கு நாலரை ஜிகாபிட் வேகம் வேணும். 4கே 30 ஃபிரேம்னா ஒன்பது. 4கே 60 முழு நிறத்தோடன்னா கிட்டத்தட்ட பதினெட்டு. கேபிளையும் அந்தக் கணக்குலதான் பிரிச்சிருக்காங்க: ஆரம்பத்துல வந்த ஸ்டாண்டர்ட், அதுக்குப் பிறகு 10.2 ஜிகாபிட் தாங்குற ஹை ஸ்பீட், 18 தாங்குற பிரீமியம் ஹை ஸ்பீட், 48 தாங்குற அல்ட்ரா ஹை ஸ்பீட். கடையில "2.0 கேபிள்", "2.1 கேபிள்"னு சொல்லுவாங்க. அந்த நம்பர் டிவிக்கும் பெட்டிக்கும் உள்ளது, கேபிளுக்கு அப்படி நம்பரே கிடையாது. தங்க முலாமும் துரு பிடிக்காம இருக்கத்தானே தவிர படத்துக்கு ஒரு சொட்டு அழகும் கூட்டாது. எச்டிஎம்ஐல வர்றது ஒண்ணு சரியா வரும், இல்லைன்னா புள்ளி புள்ளியா உடையும், அதுவும் இல்லைன்னா அடியோட நிக்கும். "கொஞ்சம் மங்கல்"னு ஒரு நிலைமை அதுல இல்ல. மங்கலா இருந்தா குற்றம் வேற எங்கேயோ.

இப்ப உன் வீட்டுக்கு வா. டிஷ் பெட்டி எச்டி பெட்டிதானே? அது எவ்வளவு குதிச்சாலும் 1080ஐத் தாண்டாது. அதுக்கு டின்ல இருக்கிற ஹை ஸ்பீட் கேபிள் தாராளம். பத்து வருசப் பழசா இருந்தாலும் சரி. நிஜமான 4கே படம் உன் வீட்டுக்குள்ள வர்ற ஒரே வழி டிவிக்குள்ளேயே இருக்கிற யூடியூப்தான். அது வைஃபையில நேரா டிவிக்குள்ள இறங்குது, எச்டிஎம்ஐ கேபிளைத் தொடவே தொடாது! உனக்கு விற்கப் பார்த்த கேபிள் வழியா 4கே ஒரு நாளும் ஓடப்போறதில்ல. இதை அந்தப் பையன் சொல்ல மாட்டான்.

சின்னவன் கேம் பெட்டி கேட்டு அழுறானாமே, அது மட்டும் வேற கதை. பிஎஸ்5 வாங்கினா அதோட வர்ற கேபிளையே மாட்டு, 4கே 120 ஃபிரேமுக்கு அதுதான் பொருத்தம். அதை டிஷ் பெட்டிக்கு மாத்திட்டு பழசை கேமுக்குப் போட்டுடாதே. நீ செய்யக்கூடிய ஆள்.

டின்ல இருக்கிறதை எப்படிப் பார்க்கிறதுன்னா, கேபிளை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சி மெதுவா உருட்டு. மேல்தோல்ல பொடி எழுத்து இருக்கும். "ஹை ஸ்பீட்"னு இருந்தா எடுத்து வை. 28 ஏடபிள்யூஜி, 30 ஏடபிள்யூஜின்னு இருந்தா சின்ன நம்பர்தான் தடிச்ச கம்பி, தூரத்துக்கு அதுதான் நல்லது. எழுத்தே இல்லைன்னாலும் வீசாதே, மாட்டிப் பார். மாட்டி ஒரு அரை மணித்தியாலம் ஓட விடு. வெள்ளை வெள்ளையா மின்னுதா, ஒரு செக்கன் திரை கறுத்துக் கறுத்து வருதா, "நோ சிக்னல்" போட்டுப் போட்டு எடுக்குதா? அதெல்லாம் கேபிள் மூச்சு வாங்குற அடையாளம். ரெண்டு முனையையும் லேசா அசைச்சிப் பார். அசைக்கிறப்போ மட்டும் வெட்டினா வாய் தளர்ந்திருக்கு. அசைக்காமலே வெட்டினா ஒண்ணு நீளம் கூட, இல்ல வேகம் பத்தல.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. டிவியோட செட்டிங்ல ஒவ்வொரு எச்டிஎம்ஐ வாய்க்கும் தனியா ஒரு வேக சுவிச் இருக்கும். சாம்சங்னா "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜின்னா "அல்ட்ரா எச்டி டீப் கலர்", சோனின்னா "எச்டிஎம்ஐ சிக்னல் ஃபோர்மட்". பழைய கேபிளோட திரை கறுத்துக் கறுத்து வந்தா அந்த வாய்க்கு மட்டும் அதைக் குறைச்சி விடு. முக்காவாசி அதோட நின்னுடும். நாளைக்கு கேம் பெட்டியை மாட்டிட்டு "4கேயே வரலையே"ன்னு நீ கத்தப்போற நாள்ல இதையே கூட்டி வைக்கணும். கேபிள்ல ஒண்ணும் இருக்காது.

நீளத்தைப் பத்தி. ரெண்டு மீட்டர்னா டிஷ் பெட்டிக்கு எது போட்டாலும் பெரும்பாலும் ஓடும். அஞ்சைத் தாண்டினா 4கேக்குச் சாதாரண செம்புக் கேபிளை நம்பாதே. தூரத்துக்குன்னு விற்கிற கேபிள்ல ஒரு முனையில "சோர்ஸ்", மறு முனையில "டிஸ்ப்ளே"ன்னு போட்டிருக்கும். அதைத் திருப்பி மாட்டினா படமே வராது, கேபிள் செத்துட்டதுன்னு நினைச்சி திருப்பிக் கொடுப்பாங்க. டிவியைச் சுவரோட ஒட்டி மாட்டப் போறேன்னா தடிச்ச கேபிளை நேரா மடக்காதே. அந்தப் பாரம் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் நாக்கை உடைச்சிடும். கேபிள் போனா கேபிள்தான், வாய் போனா போர்டுல கை வைக்கணும்.

அப்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள பழைய வீடியோ டெக் வயர். அதுக்குத்தானே இத்தனை கவலை? உன் கல்யாணக் கேசட்! லட்டு மாமாவை 55 இன்ச்ல பார்க்கணும்னு தங்கச்சி ஆசைப்படுதுன்னு கேள்விப்பட்டேன். பார்க்கலாம். ஆனா டிவியின் பின்னால மூணு கலர் வாயைத் தேடாதே, இருக்காது. "ஏவி இன்"னு ஹெட்போன் குத்துற அளவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதுக்கு ஒரு முனையில மூணு கறுப்பு வளையம் உள்ள பின்னும் மறு முனையில மூணு கலர் வாயும் இருக்கிற குட்டி வயர் வேணும். டிவி வந்த மட்டைப் பெட்டிக்குள்ள இருக்கான்னு முதல்ல பார். வெளியில வாங்கினா ஒரு தொல்லை. உள்ளே கம்பி வர்ற வரிசை கம்பனிக்குக் கம்பனி மாறும். படத்துக்குப் பதிலா "ர்ர்ர்"ன்னு சத்தம் வந்தா மஞ்சளைச் சிவப்புல மாட்டிப் பார், அப்புறம் வெள்ளையில. எதுலயும் வரலைன்னா எர்த் கம்பியே இடம் மாறி இருக்கு, அந்த வயர் உன் டிவிக்கு ஆகாது. படம் கறுப்பு வெள்ளையா வந்தா டிவி அதை வேற வகை வீடியோன்னு நினைச்சிருக்கு, இன்புட்ல "ஏவி"யைத் தேர்ந்தெடு.

சின்ன ஓட்டையும் இல்லைன்னா தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசா ஒரு வெள்ளை டப்பா விற்கிறாங்க, மூணு கலர் ஒரு பக்கம், எச்டிஎம்ஐ மறு பக்கம். வாங்குறப்போ "ஏவில இருந்து எச்டிஎம்ஐக்கு"ன்னு ரெண்டு தடவை கேட்டு வாங்கு. எதிர்ப் பக்கம் போறதும் அதே நிறத்துல, அதே அளவுலதான் இருக்கு. பத்துல ரெண்டு பேர் அதைத்தான் தூக்கிட்டு வர்றாங்கன்னு சத்தியம் பண்ணுவேன். அதுக்கு 5 வோல்ட் கரண்டும் வேணும், டிவியின் யூஎஸ்பி வாயிலேயே எடுத்துக்கலாம். "1080"ன்னு அதுல ஒரு சுவிச் இருக்கும். அதைப் போட்டா கேசட் 1080 ஆகிடும்னு நம்பாதே. மஞ்சள் வயர்ல வர்ற படத்துல கூடினபட்சம் 4 லட்சத்துச் சொச்சம் புள்ளி, உன் டிவியில 83 லட்சம். இருபது மடங்கு! மிச்சத்தை டிவி தானா நிரப்புது. பழசு பழசாத்தான் தெரியும். ஷார்ப்னஸை இறக்கி விடு, படத்தின் அளவை 4:3க்கு மாத்து. இல்லைன்னா லட்டு மாமா இன்னும் அகலமாகிடுவார், ஏற்கனவே இடம் பத்தல.

கேசட்டைப் போடுறதுக்கு முன்னாடி அதன் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியா டேப் ஓரத்தைப் பார். நம்ம மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் வெள்ளை மாவு தூவின மாதிரி பூஞ்சணம் பிடிச்சிருக்கும். பிடிச்சிருந்தா டெக்குல போடவே போடாதே. டேப்பும் அறும், ஹெட்டும் அழுக்காகும், அதுக்குப் பிறகு போடுற எல்லாக் கேசட்டுக்கும் அது பரவும். கலர் வயர் முனை மங்கி, பச்சை ஏறி இருந்தா ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடை, அப்புறம் வாய்க்குள்ள விட்டு நாலு தடவை முறுக்கு. அரத்தாள் வேணாம். தேங்காய் எண்ணெய் நிச்சயமா வேணாம். யார் சொன்னாலும்.

இனி விளையாட்டை விடு செல்வா. இவ்வளவும் எழுதினது டின்ல இருக்கிற வயருக்காக. நான் பயப்படுறது டின்ல இல்லாத வயருக்கு. கூரையில இருந்து காம்பரா அறைக்குள்ள இறங்குதே, டிஷ்ஷோட கறுப்பு வயர், அதுக்கு. ஒக்டோபர் பிறந்திருச்சி, நவம்பர் முடியும் வரைக்கும் பின்னேரத்துல இடிதான். பக்கத்துல எங்கேயாவது விழுந்தாலே போதும். அந்த வயர் வழியா டிஷ் பெட்டி, பெட்டியில இருந்து எச்டிஎம்ஐ கேபிள், கேபிள்ல இருந்து டிவி போர்டு. நீ கஷ்டப்பட்டு மாட்டின அதே கேபிள்தான் பாதை. ரிமோட்ல ஓஃப் பண்ணுறது ஓஃப் பண்ணுறதே இல்ல. கரண்ட் கசிஞ்சா வெட்டுற ட்ரிப் சுவிச் இதுக்குக் காவல் இல்ல. சர்ஜ், அதாவது திடீர்னு பாயுற கரண்ட், தாங்கும்னு சொல்லி விற்கிற எக்ஸ்டென்ஷன் வயர் கோட்டும் சுவர்ல இருந்து வர்ற கரண்டைத்தான் பார்க்கும், கூரையில இருந்து வர்றதைப் பார்க்காது.

உங்க அம்மா இடி இடிச்சா டிவியை அணைச்சி சேலையால மூடுவாங்களே, ஞாபகம் இருக்கா? நாம சிரிப்போம். அணைச்சது சரி. சேலைக்குப் பதிலா நீ இதைச் செய்: மலை கறுக்கிறப்போவே சுவர் சுவிச்சை ஓஃப் பண்ணி புளக்கைக் கழட்டு, அப்புறம் டிஷ் வயரின் திருகு வாயைப் பெட்டியில இருந்து கழட்டித் தள்ளி வை. இந்த ஒழுங்குலதான். பெட்டி உயிரோட இருக்கிறப்போ கழட்டினா அந்த வயர்ல 13 இல்லைன்னா 18 வோல்ட் ஓடிட்டு இருக்கும், நடுக்கம்பி எங்கேயாவது உரசிச்சின்னா பெட்டிக்குக் கேடு. இடி தலைக்கு மேல வந்துட்டா ஒண்ணையும் தொடாதே, டிவி போனாப் போகட்டும். சின்னவனுக்கும் இதை அடிச்சிச் சொல்லு.

வயர் சுவருக்குள்ள நுழையிற இடத்துக்கு முன்னாடி வெளியில கீழ்நோக்கி ஒரு வளைவு விடு, மழைத் தண்ணி அதுல சொட்டிடும், காம்பராவுக்குள்ள வராது. இப்ப நேரா உள்ளே போகுதுன்னு நினைக்கிறேன், இஸ்தோப்புல, அந்த முன் திண்ணைச் சுவர்ல, அந்தக் கறுப்புக் கோடு அதனாலதான். மழைக்கு மட்டும் படம் உடைஞ்சா டிஷ் பக்கத்து வாயைத் திறந்து பார். உள்ளே பின்னல் கம்பி கறுத்து, வெள்ளையா பூத்திருந்தா தண்ணி இறங்கியிருக்கு, நல்ல பகுதி வரைக்கும் வெட்டிப் புது வாய் போடணும். வயரையே மாத்துறதுன்னா ஆர்ஜி6 கேள், பழைய அன்டெனாவுக்குப் போட்ட ஆர்ஜி59ஐத் தலையில கட்டப் பார்ப்பாங்க. டிஷ் கம்பத்தையும் வயரையும் வீட்டு எர்த்தோட சேர்க்கிற வேலையை நீயா செய்யாதே. வயரிங் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு, நம்ம ராசுவை இல்ல.

டிஷ் பெட்டிக்கும் டிவிக்கும் நடுவுல எத்தனை அடின்னு அளந்து எழுது. ஆறு அடிக்குள்ளன்னா ஒரு சதமும் செலவில்ல. கேசட்டை பஸ்ல அனுப்பாதே, மழை. மாரிமுத்து அண்ணன் டவுனுக்கு வர்றப்போ பொலித்தீன்ல சுத்திக் கொடுத்தனுப்பு, பூஞ்சணம் இருக்கான்னு நானே பார்த்துச் சொல்றேன்.

இப்படிக்கு,
உன் மணி