அப்பாவின் மாத்திரைக் கணக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். இங்கே அயர்லாந்தின் கார்க் நகரில் மழை விட்டபாடில்லை, மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது, குடியாத்தத்து வெயிலைத் திட்டியதெல்லாம் வாபஸ்.

அப்புறம், மக்கள் மருந்தகத்துப் பாராசிட்டமால் 650 விலை குறைவு, அதனால் 'பவர் கம்மி' என்று அப்பா காய்ச்சலுக்கு இரண்டிரண்டாகப் போடுகிறார் என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். மாத்திரைக்குள் மருந்து எவ்வளவு என்று பார்ப்பதுதான் இங்கே என் வேலையே.

இருபது மாத்திரையை எடை போட்டுப் பொடித்து, 150 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்க வேண்டிய அளவுக்குப் பொடியை எடுத்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டுக் கால் மணி நேரம் குலுக்கி, 200 மில்லி ஆக்கி வடிகட்டி, அதைப் பத்து மடங்கு, மறுபடி பத்து மடங்கு நீர்க்க வைப்போம். பார்த்தால் வெறும் தண்ணீர். அதைக் குவெட் என்ற சின்னக் குவார்ட்ஸ் குப்பியில் ஊற்றி (சாதாரணக் கண்ணாடி ஆகாது, புற ஊதாக் கதிரை அதுவே விழுங்கிவிடும்) ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வைத்து 257 நானோமீட்டர் ஒளியை விட்டால், பாராசிட்டமால் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒளியை உறிஞ்சும். டிகாஷன் கெட்டியானால் டம்ளரின் அடி தெரியாதே, அதேதான், பீர்–லாம்பர்ட் விதி என்று பெரிய பெயர். மருந்து சரியாக இருந்தால் கருவி உறிஞ்சல் அளவை 0.536-ஐ ஒட்டிக் காட்டும். அதே கரைசலை மருந்தில்லாமல் வைத்து முதலில் பூஜ்யம் ஆக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வீண்.

கருவிக்கு ஒன்றும் பெரிய புத்தி கிடையாது. காஃபீன் சேர்ந்த மாத்திரையென்றால் இரண்டும் ஒளியை உறிஞ்சும், எது எவ்வளவு என்று இந்த ஓர் அளவீட்டில் பிரிக்க முடியாது, அதற்குக் கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. என்ற வேறு கருவி வேண்டும்.

மருந்துகளின் தரத்தை வகுக்கும் நூலான இந்திய பார்மகோபியாவின் வரம்பு, அட்டையில் போட்ட அளவில் 95 முதல் 105 சதவீதம். அதாவது 650 என்று அட்டையில் போட்டால் உள்ளே 617.5-லிருந்து 682.5 மில்லிகிராமுக்குள் இருந்தாக வேண்டும், விலை கூடிய பிராண்டானாலும் இதே வரம்புதான். உன் கையில் உள்ள அட்டையை நான் சோதிக்கவில்லை, ஆனால் மலிவு என்பதாலேயே மருந்து குறைவு என்று சொல்ல வழியே இல்லை.

ஆக அப்பா ஒரே வேளையில் விழுங்குவது 1300 மில்லிகிராம். பெரியவர்களுக்கே ஒரு வேளைக்கு 1000-ஐத் தாண்டக் கூடாது, கூடினால் கல்லீரலுக்கு ஆபத்து. இனி ஒரு மாத்திரைதான், அடுத்ததற்கு ஆறு மணி நேரமாவது போகட்டும். காய்ச்சல் விடவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப் போ, நான் சொன்னேன் என்றே சொல்.

உன் மகள்